கலஹாரிக்குக் குடும்பத்தோடு: வாடகை ஃபோர் பை ஃபோர் எடுப்பவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதல் வருடத்தில் க்ரூகர் வனவிலங்குப் பூங்காவைப் பார்த்துவிடுகிறார்கள். அடுத்த வருடம் கேப் டவுன். அதற்கப்புறம் யாராவது ஒருவர் பிறந்தநாள் விருந்தில் கைப்பேசியை நீட்டி, சிவப்பு மணல்மேட்டில் கறுப்புப் பிடரியோடு சிங்கம் நிற்கும் படத்தைக் காட்டுவார். "இதுவும் இந்த நாட்டில்தானா?" என்று கேட்கும்போது, கலஹாரிப் பாலைவனத்தில் இருக்கும் கலகாடிப் பூங்காவுக்கான பயணம் மனதில் விழுந்துவிடும். வீட்டுக்குத் திரும்பும் முன்பே கேள்வியும் வந்துவிடும்: எந்த வண்டி எடுக்கலாம்?

என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. வண்டியின் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: வாடகை ஒப்பந்தத்தின் காப்பீட்டில் எதெல்லாம் சேராது, டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும். ஹைலக்ஸா ரேஞ்சரா என்று ஒரு மாதம் விவாதிப்பவர்கள் இந்த இரண்டுக்கும் பத்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை.

முதலில் அறை, அப்புறம் வண்டி

கலகாடி எல்லை தாண்டிய பூங்கா சுமார் 38,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேல். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு போட்ஸ்வானாவில் இருக்கிறது. இரு நாடுகளும் 1999இல் ஒப்பந்தம் போட்டு, 2000இல் ஒரே பூங்காவாகத் திறந்தன. நாம் போவது தென்னாப்பிரிக்கப் பக்கம். அங்கே அவோப், நோசோப் என்று இரண்டு வறண்ட ஆற்றுப்படுகைகள் உண்டு. தண்ணீர் எப்போதாவதுதான் ஓடும். படுகையை ஒட்டியே சாலை போகிறது. மிருகங்களும் அங்கேதான் வரும்.

பெரிய முகாம்கள் மூன்று: வாசலிலேயே ட்வீ ரிவீரன், வடக்கே நோசோப், நமீபிய எல்லையில் மாட்டா மாட்டா. மூன்றிலும் வேலி உண்டு, கடை உண்டு, பெட்ரோல் டீசல் உண்டு. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த மூன்றுக்குள்ளேயே திட்டம் போடுங்கள். கீலிக்ராங்கி, உரிகாருஸ் போன்ற காட்டு முகாம்களின் படங்கள் ஆசை காட்டும். ஆனால் அவற்றைச் சுற்றி வேலி கிடையாது. கலஹாரி கூடார முகாம் தவிர மற்றவற்றில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அனுமதிப்பதில்லை.

தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் அமைப்பு பதினொரு மாதம் முன்பே முன்பதிவைத் திறந்துவிடுகிறது. ஜூன் ஜூலை பள்ளி விடுமுறைக்கு அறை வேண்டுமென்றால் முந்தைய குளிர்காலத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வண்டி எப்படியும் கிடைக்கும், அறைதான் கிடைக்காது. கோடையில் அறை சுலபமாகக் கிடைக்கும், வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் பகல் சுகமாக இருக்கும், இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு போய் இறங்காதீர்கள். குரங்குக் குல்லாவைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை.

நுழைவுக் கட்டணம் தலைக்கு, நாளுக்கு. தென்னாப்பிரிக்க அடையாள அட்டை உள்ளவர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு விலை. நான்கைந்து நாள் தங்கும் குடும்பத்துக்கு வருடச் சந்தாவான வைல்ட் கார்டு மலிவாக வரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உண்மையில் ஃபோர் பை ஃபோர் வேண்டுமா?

மூன்று பெரிய முகாம்களுக்கு இடையே மட்டும் ஓட்டினால், நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் விசை போகும் ஃபோர் பை ஃபோர் கட்டாயம் இல்லை. தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நல்ல இடைவெளி உள்ள டூ வீல் டிரைவ் வண்டியே போதும். பிட்டர்பான், காரகாப் முகாம்களுக்கும், போட்ஸ்வானாப் பக்கத் தடங்களுக்கும்தான் ஃபோர் பை ஃபோர் இல்லாமல் முடியாது. சில தடங்களில் குறைந்தது இரண்டு வண்டிகள் சேர்ந்து வந்தால்தான் விடுவார்கள்.

அப்படியிருந்தும் குடும்பத்துக்கு ஃபோர் பை ஃபோர் எடுங்கள் என்றே சொல்வேன். உயரமான இருக்கையிலிருந்து புல்லுக்கு மேலே பார்க்கலாம். சிறுத்தை படுத்திருப்பது காரில் வருபவருக்குத் தெரியாது, இரண்டு வரிசை இருக்கையுள்ள டபுள் கேப் பிக்கப்பில் இருப்பவருக்குத் தெரியும். டயரும் கனமானது. ஆற்றுப்படுகையில் மணல் இளகியிருக்கும் நாளில் மனதும் பதறாது.

ஐந்து பேர் வரைக்கும் டபுள் கேப் பக்கி நல்லது. (வந்த புதிதில் பக்கி என்றால் விழிப்பீர்கள். பிக்கப் வண்டிதான்.) பின்னால் சாமான் வைக்கும் தொட்டியை மூடும் கேனப்பி இருக்க வேண்டும், இல்லையேல் எல்லாப் பையிலும் சிவப்பு மண். ஆறேழு பேர் என்றால் ஃபார்ச்சூனர் மாதிரி மூன்று வரிசை வண்டியைச் சொல்வார்கள். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமிருக்காது என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், தம்பி குடும்பமும் வருகிறது என்றால் இரண்டு வண்டியாக எடுப்பதே நிம்மதி. ஒன்று புதைந்தால் மற்றது இழுக்கும்.

கூரைமேல் கூடாரம் வைத்த வண்டிகளும் வாடகைக்கு உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நடு இரவில் ஐந்து வயதுக் குழந்தையை ஏணியில் இறக்கிக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது அப்பாவுக்குப் பிடிக்காது. மேலே பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும் ஆபத்தும் கூடும். அறை கிடைத்தால் கூடாரம் வேண்டாம்.

எங்கிருந்து எடுப்பது

ஜோகன்னஸ்பர்க்கிலேயே எடுத்தால் என் 14 (N14) நெடுஞ்சாலையில் ஃபிரைபர்க், குருமான் வழியாக அப்பிங்டன் வரை சுமார் 800 கிலோமீட்டர். அங்கிருந்து பூங்கா வாசல் இன்னும் 260 சொச்சம். அதை ஒரே நாளில் ஓட்ட நினைக்காதீர்கள். குருமானிலோ அப்பிங்டனிலோ ஒரு இரவு தங்குங்கள். குருமானில் 'கண்' என்று சொல்லும் ஊற்று இருக்கிறது. நாளுக்குச் சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர் தானாகப் பொங்கி வருகிறது. கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் அந்த வழியில் இல்லை. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மாடும் கூடு என்னும் பெரிய மானும் சாலைக்கு நடுவே நிற்கும். கூடு மான் ஏறக்குறைய பசு உயரம் இருக்கும்.

ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் அப்பிங்டனுக்கு விமானத்தில் போய் அங்கே வண்டி எடுப்பது புத்திசாலித்தனம். சின்ன ஊர்தான், ஆனால் விமான ஓடுதளம் 4,900 மீட்டர். 1970களில் போயிங் 747 முழு எரிபொருளோடு ஐரோப்பாவுக்கு நேரே கிளம்புவதற்காகக் கட்டியது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ரசிப்பார்கள். அங்கே இருக்கும் வண்டிகள் குறைவு என்பதால் அறை உறுதியான அன்றே வண்டியையும் பேசிவிடுங்கள்.

டர்பனிலிருந்து வருபவர்கள் முதலில் கடற்கரை மணலில் ஓட்டிப் பழகலாம் என்று கேட்பதுண்டு. கூடாது. இந்த நாட்டில் கடற்கரையில் பொழுதுபோக்காக வண்டி ஓட்டுவதை 2001இல் வந்த விதி தடுத்துவிட்டது. அனுமதித்த இடங்களில் மட்டும்தான் ஓட்டலாம்.

ஒப்பந்தத்தை வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்

கவுன்டரில், குழந்தை அழும்போது, பின்னால் வரிசை நிற்கும்போது படிக்க முடியாது. முன்பதிவு செய்த உடனே முழு ஒப்பந்தத்தையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் இடத்தில் எடுக்காதீர்கள்.

தேட வேண்டிய முதல் சொல் எக்ஸஸ். விபத்து நடந்தால் நம் பையிலிருந்து போகும் தொகை அது. கூடுதல் கட்டணம் கட்டினால் குறையும், சிலவற்றில் பூஜ்யம் ஆகும். ஆனால் 'பூஜ்யம்' என்று எழுதியிருக்கும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்தான் விஷயம் இருக்கும். டயர், ரிம், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், மணலாலும் தண்ணீராலும் வரும் சேதம், கிளட்ச், தவறான எரிபொருள் ஆகியவை சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது. பாலைவனத்தில் கெடக்கூடிய பட்டியல் அப்படியே இதுதான்! டயருக்கும் கண்ணாடிக்கும் தனிக் காப்பீடு விற்றால் யோசிக்காமல் வாங்குங்கள்.

அடுத்தது, வேறு வண்டி மோதாமல் நம் வண்டி மட்டும் கவிழ்ந்தால் என்ன என்று பாருங்கள். சரளைச் சாலையில் நடக்கும் விபத்துகளில் இதுவே அதிகம் பயப்பட வேண்டியது. இதற்கு மட்டும் எக்ஸஸைப் பல மடங்கு வைத்திருப்பார்கள், அல்லது காப்பீட்டிலிருந்தே விலக்கியிருப்பார்கள். சரளையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போனால் காப்பீடு செல்லாது என்ற வரியும் சகஜம். வண்டியில் ஜி.பி.எஸ். கருவி இருக்கும், நாம் போன வேகம் அவர்களுக்குத் தெரியும். சரளைச் சாலையே கூடாது என்று எழுதியிருந்தால் அந்த வண்டி கலகாடிக்கு ஆகாது.

மற்றவை சுருக்கமாக. நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்று பாருங்கள். நாளுக்கு 200 என்றால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து போய்வரக் கட்டாது. ஓட்டப்போகும் எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். பெயர் இல்லாத மச்சினர் ஓட்டும்போது ஏதாவது ஆனால் காப்பீடு இல்லை. முன்பணம் பிடித்து வைக்கப் பெரும்பாலும் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், அதில் போதுமான வரம்பு இருக்கட்டும். உரிமம் ஆங்கிலத்தில், படத்தோடும் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். இந்திய உரிமத்தில் இவை உண்டு. கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வருவது நல்லது. இங்கும் இடதுபுறம்தான், அந்தக் கவலை இல்லை.

மாட்டா மாட்டா வழியாக நமீபியாவுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால், வண்டிக்காரர் எல்லை தாண்ட எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும், பூங்காவில் இரண்டு இரவாவது தங்கியிருக்க வேண்டும், விசா வேலையும் உண்டு. முதல் பயணத்தில் வேண்டாம்.

வண்டியைக் கையில் வாங்கும்போது

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசியில் வீடியோவை ஓட விட்டபடி வண்டியைச் சுற்றி நடந்து வாருங்கள். கீறல், கண்ணாடியில் புள்ளி, ரிம்மில் நசுங்கல் எல்லாம் பதிவாகட்டும். குனிந்து அடிப்பாகத்தையும் எடுங்கள். டயரின் பக்கச் சுவரில் வெட்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மணல்தடத்து முட்களும் கற்களும் தாக்குவது அங்கேதான். ஸ்டெப்னி இரண்டு இருந்தால் நல்லது. ஒன்றுதான் தருவோம் என்றால் அது முழு அளவு டயராக இருக்க வேண்டும்.

ஜாக்கியை வெளியே எடுத்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வீல் ஸ்பானர் நட்டில் பொருந்துகிறதா, பூட்டு நட்டுக்குச் சாவி எங்கே என்று கேளுங்கள். இந்தச் சாவி இல்லாமல் நாலு ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை. மணலில் ஜாக்கி இறங்கிவிடும், அடியில் வைக்க ஒரு தடித்த பலகை வேண்டும். காற்றடிக்கும் சிறு கம்ப்ரசரை அங்கேயே ஓட்டிப் பாருங்கள். காற்றளவு மானி, இழுகயிறு, மண்வெட்டி மூன்றையும் கண்ணால் பாருங்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கின் (வண்டியின் உரிமச் சீட்டு) தேதி பயணம் முடியும் வரை இருக்கிறதா என்றும்.

பிறகு ஊழியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஃபோர் ஹை (நான்கு சக்கர இழுவை, சாதாரண கியர்), ஃபோர் லோ (அதுவே மெதுவான, வலுவான கியரில்), டிஃப் லாக் (இருபக்கச் சக்கரமும் சேர்ந்தே சுழல வைப்பது) மூன்றையும் போட்டுக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே போடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை 2015 முதல் இங்கே சட்டம். வீட்டு இருக்கையையே கொண்டு போங்கள். குழந்தைக்குப் பழகியது, பெல்ட்டும் நம்பகமானது.

டீசல் வண்டியென்றால் பெட்ரோல் பங்கில் 50 பி.பி.எம். (டீசலில் உள்ள கந்தக அளவு) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிற்றூர்களில் 500 பி.பி.எம். டீசலும் விற்கிறார்கள், புதிய என்ஜினுக்கு அது ஆகாது. இங்கே ஊழியர்தான் நிரப்புவார். பார்த்துக்கொண்டே நில்லுங்கள், முடிந்ததும் ஐந்து பத்து ராண்டு கொடுங்கள்.

தண்ணீர், சாப்பாடு, பெரியவர்கள்

குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கு வையுங்கள். பூங்காவின் நிலத்தடித் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் காபி போட்டால் மாமியார் முகத்தைப் பார்க்க முடியாது. சைவக் குடும்பங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியக் கடைகள் உள்ள ஃபோர்ட்ஸ்பர்க்கிலோ லெனேசியாவிலோ மளிகை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முகாம் கடையில் இறைச்சியும் விறகும்தான் தாராளம். முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரை, அதற்கப்புறம் அரிசியும் பருப்பும் சிறு குக்கரும். விறகைக் கடையில் வாங்குங்கள், பூங்காவில் பொறுக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு ஏறி இறங்குவதுதான் கஷ்டம். பக்கவாட்டில் படி உள்ள வண்டியைக் கேளுங்கள். முகாமிலும் குறித்த சில நிறுத்தங்களிலும் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பதால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாளின் பாதையைக் கழிப்பறை உள்ள நிறுத்தங்களை வைத்தே போடுங்கள். ட்வீ ரிவீரனிலிருந்து நோசோப் 160 கிலோமீட்டர், நிற்காமல் போனாலே மூன்றரை மணி நேரம். மாட்டா மாட்டா 120. பூங்காவுக்குள் வேக வரம்பு 50தான். முகாம் கதவு சூரியனோடு சேர்ந்து அடைபடும், நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். தாமதமானால் அபராதம். கைப்பேசிச் சமிக்ஞையை ட்வீ ரிவீரனோடு மறந்துவிடுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

காற்று

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் அச்சடித்து எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துப் போங்கள்.

அப்பிங்டனிலிருந்து வாசல் வரை தார்ச்சாலை. அதில் வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று இருக்கட்டும். பல வண்டிகளுக்கு 2.2 பார் அளவில் வரும், நம் ஊர் கணக்கில் 32 பி.எஸ்.ஐ. இங்கே பங்கு மானிகள் 220 கிலோபாஸ்கல் என்று காட்டும். பூங்காவுக்குள் நுழைந்ததும் 1.6க்கு இறக்குங்கள், அதாவது 23 பி.எஸ்.ஐ.

ஏன் என்றால், பூங்காச் சாலை தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். முழுக் காற்றோடு போனால் டயர் ஒவ்வொரு வரியிலும் துள்ளும், தரையில் பிடிப்பு விட்டுப் போகும், வளைவில் பின்பக்கம் தானாக நகரும். நட்டுகள் தளரும், பாட்டிக்கு இடுப்பு போகும். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் கூடுதலாகத் தரையைத் தொட்டு அதிர்வை வாங்கிக்கொள்ளும். சாலையும் அதனால் குறைவாகக் கெடும். ஆழ்ந்த மணலுக்கு 1.2 வரை போகலாம். அதற்குக் கீழே, 1.0 என்பது புதைந்த பிறகு வெளியே வர மட்டும். காற்று குறைந்திருக்கும்போது வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், வேகத்தில் போனால் சூடேறி வெடிக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பும்போது மறக்காமல் ஏற்றுங்கள். அதற்குத்தான் கம்ப்ரசர்.

எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறையுங்கள்; கல் தெறித்துக் கண்ணாடி போவது அப்போதுதான். உயரமான புல்லுள்ள தடத்தில் போனால் ரேடியேட்டரில் புல்விதை அடைத்து என்ஜின் சூடாகும். முன்னால் கட்ட விதைவலை கிடைக்கும். வண்டியின் அடியில், புகைக்குழாய் அருகே காய்ந்த புல் சேர்ந்தால் தீயே பிடிக்கலாம். மாலையில் முகாமுக்கு வந்ததும் என்ஜின் ஆறிய பிறகு குனிந்து பார்த்துப் பிடுங்கிவிடுங்கள்.

புதைந்துவிட்டால்

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே ஆக்சிலரேட்டரை விடுங்கள். புதியவர்கள் செய்வது இன்னும் மிதிப்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி இறங்கும், கடைசியில் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். ஃபோர் லோ போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

வராவிட்டால் இறங்க வேண்டும், அதற்கு முன் நான்கு பக்கமும் நிதானமாகப் பாருங்கள். சிங்கம் நிழலில்தான் படுத்திருக்கும், மஞ்சள் புல்லில் காது மட்டும் தெரியும். சந்தேகம் இருந்தால் இறங்கவே வேண்டாம். முக்கியச் சாலையில் இன்னொரு வண்டி வரும், காத்திருங்கள். இறங்கினால் ஒருவர் காவல், ஒருவர் வேலை, பிள்ளைகள் உள்ளே. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைத் தள்ளி, காற்றை 1.0க்கு இறக்கி, சக்கரத்தை நேராக வைத்து மெல்ல எடுங்கள். கால்விரிப்பைச் சக்கரத்தடியில் கொடுக்கலாம், பாழாகும், பரவாயில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது

முந்தின நாளே கழுவிவிடுங்கள். மணல் அப்பியிருந்தால் சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் போடுவார்கள். பக்கத்துப் பங்கில் நிரப்பி ரசீதை வைத்திருங்கள். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் கொடுத்து, ஊழியர் முன்னிலையிலேயே மறுபடி வீடியோ எடுத்து, சேதம் இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானத்துக்கு ஓடுவது வேண்டாம். பிடித்து வைத்த முன்பணம் கார்டுக்குத் திரும்பச் சில நாள் ஆகும். என் 14இல் வேகக் கேமராவில் சிக்கியிருந்தால் அந்த அபராதம் சில வாரம் கழித்து வண்டிக்காரர் வழியாக, அவர்களின் அலுவலகக் கட்டணமும் சேர்ந்து வரும். அதனால் ஒப்பந்தத்தையும் இரண்டு வீடியோக்களையும் சில மாதங்களுக்கு அழிக்காமல் வைத்திருங்கள்.